யாருடைய சொல் சாட்சியாகும்?

வாய்மொழி வரலாறு என்பது, ஒரு நிகழ்வை வாழ்ந்து கடந்தவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்து, பின்னால் வருபவர்கள் கேட்கவும் சரிபார்க்கவும் ஏற்றபடி பாதுகாத்து வைக்கும் வரலாற்று முறை. பாட்டி சொல்லும் கதையும் ஊர்த் திருவிழாவில் பாடப்படும் கதைப்பாடலும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருபவை. வாய்மொழி வரலாறு பெரும்பாலும் சொல்பவரின் ஆயுளுக்குள் நடந்ததைப் பற்றியது. கேள்விகளை வைத்துக்கொண்டு ஒருவர் வருகிறார், நினைவுகளை வைத்திருக்கும் இன்னொருவர் பேசுகிறார். உருவாகும் ஆவணத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

இந்த முறைக்கு ஏன் தேவை வந்தது என்பதை ஆவணக் காப்பகத்தின் அலமாரிகளே சொல்லிவிடும். அங்கே இருப்பவை கலெக்டரின் கடிதங்கள், நிலவரிக் கணக்குகள், காவல் நிலையப் பதிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள். எல்லாம் பேனா பிடித்தவர்கள் எழுதியவை. நாற்று நட்டவர், கப்பலில் ஏற்றப்பட்ட கூலி, கலவரத்தில் தூக்கிச் செல்லப்பட்ட பெண் ஆகியோர் அந்தத் தாள்களில் எண்ணிக்கையாகவோ குற்றவாளியாகவோ மட்டுமே வருகிறார்கள். அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது அங்கே கிடைப்பது அபூர்வம்.

நவீனத் துறையாக இது தொடங்கியபோது சாமானியர் பக்கம் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1948ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் நிறுவிய மையம், அரசியல்வாதிகளையும் தொழிலதிபர்களையும் அதிகாரிகளையும்தான் தேடிப் போனது. தொலைபேசி வந்த பிறகு பெரிய மனிதர்கள் கடிதம் எழுதுவதில்லை, அவர்கள் நினைவாவது மிஞ்சட்டும் என்பதே அன்றைய கவலை. 1960களிலும் 70களிலும் கையடக்க ஒலிப்பதிவுக் கருவி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் காற்று திசை மாறியது. தொழிற்சங்கங்களும் பெண்கள் இயக்கங்களும் கறுப்பின மக்கள் அமைப்புகளும் கருவியைக் கையில் எடுத்தன. சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்கல் 1970ல் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' பொருளாதாரப் பெருமந்தத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் வாயாலேயே சொன்னது. பிரிட்டனில் பால் தாம்சன் 1978ல் எழுதிய 'தி வாய்ஸ் ஆஃப் தி பாஸ்ட்' இந்த முறைக்கு ஒரு பாடநூலைத் தந்தது.

நினைவு தப்புமே, அதை எப்படி நம்புவது? வாய்மொழி வரலாற்றின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இது. நேர்மையான கேள்வியும்கூட. இதற்கு மிகச் சிறந்த பதில் இத்தாலியின் எஃகு நகரமான தெர்னியிலிருந்து வந்தது. 1949 மார்ச் 17 அன்று, இத்தாலி நேட்டோ அமைப்பில் சேருவதை எதிர்த்து ஆலையிலிருந்து வெளியே வந்த தொழிலாளர்களோடு போலீஸ் மோதியது. லூயிஜி திரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். கால் நூற்றாண்டு கழித்து வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாண்ட்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்க்காரர்களிடம் பேசியபோது, பலர் அந்தச் சாவை 1953க்கு நகர்த்தியிருந்தார்கள். ஆலை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியபோது நடந்த தெருச் சண்டைகளில்தான் அவர் இறந்தார் என்றார்கள்.

தேதி தவறு. அந்தக் காலப் பத்திரிகையைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் ஓர் ஊரே சேர்ந்து ஒரே திசையில் தவறும்போது அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. தங்களில் ஒருவன் ஒரு சிறு தள்ளுமுள்ளில் செத்து விழுந்தான், தாங்கள் எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை என்ற அவமானத்தை அந்தத் தொழிலாளர்களால் சுமக்க முடியவில்லை. தாங்கள் நாள்கணக்கில் நின்று போராடிய ஒரு களத்துக்கு அந்தச் சாவைக் கொண்டுபோய் வைத்ததும் அதற்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது. நடந்தது என்ன என்பதைக் காகிதம் சொன்னது. நடந்தது அவர்களை என்ன செய்தது என்பதை அந்தப் பிழை சொன்னது. நினைவின் பிழையையும் ஒரு தரவாக வாசிக்கலாம் என்று போர்த்தெல்லி காட்டிய பிறகு இந்தத் துறை பழைய தற்காப்பு நிலையில் நிற்கவில்லை.

கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தும் சொல் மாறும். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், முன்னாள் அடிமைகள் 2,300க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டியது. நேர்காணல் செய்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சார்ல்ஸ்டன் நகரத்தில் நூறு வயதை எட்டிய சூசன் ஹாம்லின் என்ற பெண்மணியை இரண்டு பேர் தனித்தனியாகச் சந்தித்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணிடம் தன் பழைய எஜமானர் நல்லவர் என்றார். வந்தவர் நிவாரண அலுவலகத்து ஆள் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கறுப்பினத்து ஆணிடம் பேசியபோது சாட்டையடியும், குடும்பங்கள் பிரித்து விற்கப்பட்டதும், தாய்மார்களின் ஓலமும் வந்தன. இரண்டு பதிவும் ஒரே வாயிலிருந்து வந்தவைதான். ஒன்று மட்டும் காப்பகத்தில் மிஞ்சியிருந்தால், அடிமை முறையைப் பற்றி ஒரு தலைமுறை எதை நம்பியிருக்கும்?

இந்தியக் கிராமத்தில் இந்தச் சிக்கலுக்குச் சாதியின் முகம் உண்டு. வந்தவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, சொல்லவேண்டியவர் தரையில் உட்கார்ந்தால் நேர்காணல் அப்போதே பாதி முடிந்துவிட்டது. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்கும் கேள்விக்கும், வேலை முடிந்து களத்துமேட்டில் இருட்டும் நேரத்தில் கேட்கும் கேள்விக்கும் ஒரே பதில் வராது. பெண்களிடம் பேசும்போது வீட்டு ஆண்கள் குறுக்கே புகுந்து தாங்களே பதில் சொல்வது இன்னொரு தடை.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 'எந்த வருஷம் நடந்தது?' என்று தொடங்கினால் முதியவர் தடுமாறுவார். அவருடைய நாள்காட்டி வேறு. தாது வருஷப் பஞ்சம், தனுஷ்கோடி புயல், மூத்த மகள் பிறந்த ஆடி, கோயில் கொடை நின்றுபோன வருஷம் என்றுதான் அதில் குறிப்புகள் இருக்கும். அந்தக் கணக்கில் கேட்டுவிட்டு, தாது வருஷம் என்பது 1876-77, தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் என்று பொருத்திப் பார்ப்பது ஆய்வாளரின் வேலை. ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளால் பயனில்லை. சொல்பவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடக் கூடாது; பல நேரங்களில் முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். பதிவை எழுத்தாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரு மணி நேரப் பேச்சைத் தாளில் இறக்க ஆறேழு மணி நேரமாவது பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, எழுதுபவர் அந்தப் பேச்சை ஏட்டுத் தமிழாகத் 'திருத்தி'விடுவது. 'வந்தாவ', 'போனாக' என்பதெல்லாம் 'வந்தார்கள்', 'போனார்கள்' என்று ஆனால் ஊரும் சாதியும் வயதும் தாளிலிருந்து போய்விடும்.

தமிழில் இப்படிக் காது கொடுத்துக் கேட்கும் மரபுக்கு நா. வானமாமலை வலுவான அடித்தளம் போட்டார். நெல்லைச் சீமையின் பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டி, அவற்றைச் சமூக வரலாற்றின் சான்றுகளாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் வழியில் வந்த ஆ. சிவசுப்பிரமணியன் வாய்மொழி வழக்காறுகளையும் எழுத்தாவணங்களையும் எதிரெதிரே வைத்து அடித்தள மக்களின் வரலாற்றை எழுதினார். புதுச்சேரிக்கு அருகே விவசாயக் கூலியாக வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதை இன்னொரு மைல்கல். ஜோசியான் ரசின் அவரோடு பத்தாண்டுக் காலம் பேசிப் பதிவுசெய்ததிலிருந்து பிறந்த நூல் 1995ல் பிரெஞ்சிலும் 1997ல் ஆங்கிலத்திலும் வந்தது. பிரசவம், பேய், பண்ணை வேலை, ஒப்பாரி, இறந்துபோன குழந்தைகள் என்று வீரம்மா தன் போக்கில் பேசுகிறார். சில இடங்களில் தன் அடிமைத்தனத்தை விதி என்று ஏற்றுக்கொண்டும் பேசுகிறார். கேட்பவர் எதிர்பார்க்கும் கலகக் குரல் எல்லாப் பக்கத்திலும் வருவதில்லை. அதை மாற்றி எழுதாமல் விட்டதுதான் அந்த நூலின் நேர்மை.

சமூக மாற்றத்தோடு இந்த முறைக்கு உள்ள உறவு தெளிவாகத் தெரிந்தது பெண்கள் விஷயத்தில். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைப் பற்றிக் கட்சி ஆவணங்களும் தலைவர்களின் நினைவுக் குறிப்புகளும் ஏராளம். பெண்கள் அவற்றில் ஓரிரு வரியில் வந்துபோவார்கள். ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற குழு, மல்லு சுவராஜ்யம் உட்பட அந்தப் போராட்டத்தில் இருந்த பெண்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்து 1986ல் தெலுங்கிலும் 1989ல் ஆங்கிலத்திலும் நூலாக்கியது. காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவர்கள், கைக்குழந்தையை என்ன செய்வது என்று தவித்தவர்கள், போராட்டம் திரும்பப் பெறப்பட்டதும் வீட்டுக்குப் போய்ச் சமையலைப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள் எல்லோரும் அதில் பேசினார்கள். ஜமீன்தாரை எதிர்த்த இயக்கம் பெண்களை எப்படி நடத்தியது என்ற கேள்வியை அந்தப் பதிவு இயக்கத்துக்குள்ளேயே வைத்தது.

தேசப் பிரிவினையிலும் இதேதான் நடந்தது. 1984ல் டெல்லியில் சீக்கியர்கள் மீது நடந்த படுகொலைக்குப் பிறகு நிவாரண வேலையில் இறங்கிய ஊர்வசி புட்டாலியா, 1947ஐக் கண்டவர்களைக் கேட்கத் தொடங்கினார். அவர் நூல் 1998ல் வந்தது. அதே ஆண்டில் ரிது மேனனும் கமலா பாசினும் எழுதிய நூலும் வெளியானது. ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா கிராமத்தில் 1947 மார்ச்சில் தொண்ணூறு பெண்கள்வரை கிணற்றில் குதித்து இறந்தது, தியாகமாகவே சொல்லப்பட்டு வந்தது. சொன்னவர்கள் பெரும்பாலும் பிழைத்த ஆண்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு அது சொந்த முடிவு என்று இந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949ல் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம், திரும்ப விருப்பமில்லாத பெண்ணுக்கு மறுக்கும் உரிமையைத் தரவில்லை என்பதும் பரவலாகப் பேசப்படத் தொடங்கியது.

தென்கொரியாவில் ஒரே ஒரு குரல் அரசுகளை அசைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பல்லாயிரம் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தது. 1990லும் ஜப்பானிய அரசு, இது தனியார் செய்த வேலை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் என்ற முதிய பெண்மணி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், தனக்கு நடந்ததைப் பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். அரை நூற்றாண்டு மௌனம் அன்று உடைந்தது. அவர் பேச்சைக் கேட்ட ஜப்பானிய வரலாற்றாசிரியர் யொஷிமி யொஷியாகி பாதுகாப்புத் துறை நூலகத்தில் தேடினார். அந்த விடுதிகளில் ராணுவத்துக்கு நேரடிப் பங்கு இருந்ததைக் காட்டும் தாள்கள் கிடைத்தன. 1992 ஜனவரியில் அவை வெளியாயின. அந்த மாதமே சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைப் போராட்டம் தொடங்கியது. 1993 ஆகஸ்டில் அமைச்சர் கோனோ வெளியிட்ட அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டது. தாள்கள் அத்தனை ஆண்டுகளாக அந்த அலமாரியில்தான் இருந்தன. ஒரு பெண் வாய் திறந்த பிறகுதான் அவற்றைத் தேட ஒருவருக்குத் தோன்றியது.

வாய்ச்சொல் சட்டத்தின் முன் எழுத்துக்குச் சமமாக நிற்குமா என்பதற்கு விரிவான விசாரணை கனடாவில் நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீது கிட்சான், வெட்சுவெட்டன் என்ற இரண்டு பூர்வகுடிகளின் பரம்பரைத் தலைவர்கள் 1984ல் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களிடம் பட்டா இல்லை. இருந்தது ஒவ்வொரு குலத்துக்கும் உரிய வரலாறுகளும் பாடல்களும். கிட்சான் மக்கள் இவற்றை 'அதாவ்க்' என்பார்கள். எந்த ஓடை எந்தக் குலத்துக்கு, எந்த மலையில் எந்த முன்னோர் எதைக் கண்டார் என்பதெல்லாம் விருந்துக் கூட்டங்களில் எல்லோர் முன்னும் பாடப்பட்டு, மற்றக் குலத்தார் சாட்சியாக இருந்து ஏற்றுக்கொள்ளப்படுபவை. தவறாகச் சொன்னால் கூட்டத்திலேயே மறுப்பு வரும்.

விசாரணை 374 நாட்கள் நீடித்தது. மேரி ஜான்சன் என்ற மூதாட்டி தன் குலத்தின் வரலாற்றைச் சொல்லி வரும்போது அதில் உள்ள பாடலையும் பாட வேண்டும் என்றார். பாட்டைக் கேட்டால் தனக்கு எதுவும் விளங்கப்போவதில்லை, தன் காதுக்கு இசை ஏறாது என்று தடுக்கப் பார்த்தார் நீதிபதி மெக்கெக்கர்ன். மூதாட்டி பாடினார். சீலி ஏரிக்கரையில் ஒரு மாயக் கரடி மரங்களை வேரோடு சாய்த்துக்கொண்டு ஓடை வழியே இறங்கி வந்த கதையும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அந்த இடத்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் பெரும் நிலச்சரிவு ஏற்பட்டதற்கான தடயங்களை மண்ணியல் நிபுணர்கள் முன்வைத்தார்கள். ஆனாலும் 1991ல் தீர்ப்பு மக்களுக்கு எதிராக வந்தது. வாய்மொழி வரலாறுகளுக்குத் தனித்த மதிப்பு எதையும் அந்த நீதிபதி தரவில்லை.

1997 டிசம்பர் 11 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. எழுத்தில்லாத சமூகத்திடம் எழுத்துச் சான்று கேட்பது அதன் உரிமையை முன்கூட்டியே மறுப்பதாகும் என்பதை உணர்ந்து, வாய்மொழி வரலாற்றை எழுத்தாவணங்களுக்கு நிகராக வைத்து எடைபோட வேண்டும் என்று தலைமை நீதிபதி லமேர் எழுதினார். மறுவிசாரணைக்கு உத்தரவிட்டதோடு வழக்கு நின்றதால் அந்த இரு குடிகளுக்கும் அன்று நிலம் கையில் வந்துவிடவில்லை. ஆனால் விதி மாறிவிட்டது. 2014ல் அதே மாகாணத்தின் சில்கோட்டின் மக்களுக்கு 1,750 சதுர கிலோமீட்டர் அளவிலான நிலத்தின் மீது உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்த வழக்கிலும் முதியவர்களின் வாய்மொழிச் சாட்சியம் முக்கிய ஆதாரம்.

தமிழ் மண்ணில் வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் அப்படி ஒரு வாசல் திறக்காத நிகழ்வு கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தார் 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். செல்வந்தர்களான நிலவுடைமையாளர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற போக்கில் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. தீர்ப்பைப் படித்தால் அந்த இரவு இப்படித்தான் தெரியும். 2005ல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் உயிர் பிழைத்தவர்கள் பேசுகிறார்கள். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், குழந்தையை யார் வெளியே வீசினார்கள் என்பதெல்லாம் தீர்ப்பில் இடம் கிடைக்காமல் அந்த மனிதர்களிடமே இருந்தவை. படம் தீர்ப்பை மாற்றவில்லை. அந்த இரவைப் பற்றிப் பேசும் யாரும் இனி தீர்ப்பை மட்டும் வைத்துப் பேச முடியாது என்ற நிலையை உண்டாக்கியது.

மலேயாத் தமிழர்களின் கதையில் எழுத்தின் ஓரவஞ்சனை இன்னும் பச்சையாகத் தெரியும். 1942-43ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், ஓவியம் வரைந்தார்கள், தப்பி வந்தவர்கள் நூல்கள் எழுதினார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூட முழுதாக இல்லை. திரும்பி வந்தவர்கள் தோட்டத்து லயங்களில் சொன்னதும், பிற்காலத்தில் அதைத் தேடிப் பதிவு செய்தவர்கள் சேர்த்ததும்தான் மிஞ்சியவை. சிங்கப்பூரில் 1979ல் அரசே தொடங்கிய வாய்மொழி வரலாற்று மையம் 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக் கால நினைவுகளைத் திரட்டியது. தோட்டத் தமிழர்களுக்கும் அந்த வேகத்தில் ஒரு முயற்சி நடந்திருந்தால், இன்று தாத்தாவின் பெயரைத் தேடும் பல குடும்பங்களுக்கு விடை கிடைத்திருக்கும்.

பதிவு செய்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரைப் பேசவைத்தது. அவர்கள் இறக்கும்வரை பதிவுகள் வெளிவராது என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. 2011ல் பிரிட்டிஷ் தரப்பின் கோரிக்கையில் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது. பதிவுகளில் சில போலீஸ் கைக்குப் போயின. 2014ல் சின் ஃபைன் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் கைது செய்யப்பட்டு நான்கு நாட்கள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டு எதுவுமின்றி விடப்பட்டார். ஆய்வாளர்கள் கொடுத்த வாக்கைச் சட்டம் காப்பாற்றாது என்பது அன்று உலகுக்கே தெரிந்தது. சாதிக் கொலையையோ காவல்துறை வன்முறையையோ பற்றிப் பேசும் ஒருவர் அடுத்த நாளும் அதே ஊரில்தான் இருக்க வேண்டும். எதை வெளியிடலாம், பெயரை மாற்ற வேண்டுமா, பிறகு மனம் மாறினால் பதிவைத் திரும்பப் பெறலாமா என்பதையெல்லாம் அவருக்குப் புரியும் தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்குவது இந்த வேலையின் முதல் நிபந்தனை. காகிதத்தில் கைநாட்டு வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது.

பதிவுகள் யாரிடம் திரும்பிச் சேர்கின்றன என்பதும் அதே அளவு முக்கியம். போபாலில் விஷவாயுக் கசிவின் 30ஆம் ஆண்டு நிறைவில், 2014 டிசம்பரில், உயிர் பிழைத்தவர்கள் தாங்களே ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அரசிடமும் பெருநிறுவனங்களிடமும் பணம் வாங்கவில்லை. அங்கே சுவரில் தொலைபேசிகள் இருக்கின்றன. எடுத்துக் காதில் வைத்தால் 1984 டிசம்பர் இரவைக் கண்டவர்கள் தங்கள் மொழியில் பேசுகிறார்கள். அதே டிசம்பரில் பி. சாய்நாத் தொடங்கிய கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகம், மராட்டியப் பெண்கள் திரிகையில் மாவரைக்கும்போது பாடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்களின் தொகுப்பிலிருந்து பலவற்றை எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆய்வு மாணவர்களும் இயக்கத்தவரும் பதிவு செய்த ஒலிநாடாக்கள் பல, வீட்டுப் பரண்களிலும் கல்லூரி அலமாரிகளிலும் கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு ஈரத்திலும் பூஞ்சையிலும் சில பத்தாண்டுகளில் உதிரத் தொடங்கிவிடும். அவற்றில் பேசியவர்களில் பலர் இன்று இல்லை. நாடாக்களை எண்ம வடிவத்துக்கு மாற்றி, பேசியவர் பெயர், ஊர், தேதி, ஒப்புதல் விவரம் ஆகியவற்றோடு பட்டியலிட்டு, ஒரு படியை அந்தந்த ஊரின் நூலகத்திலும் வைப்பதற்கு இன்று பெரிய செலவு ஆகாது.